லெந்து முடிந்ததும் கரையும் சேவைக்குழு: பிடியரிசி, முறைப்பட்டியல், வறண்ட ஜெபம்

பெரம்பூர்_லோகோ

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 10 வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. லெந்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு, எடுத்த தீர்மானம் இரண்டு. புதன் இரவு வீட்டு ஜெபம். சனி மதியம் அரசு மருத்துவமனை வாசலில், நோயாளிகளோடு தங்கியிருக்கும் 60 பேருக்குச் சாம்பார் சாதம். ஈஸ்டர் வரை பிசகவில்லை. இப்போது புதனுக்கு நாலு பேர், சனிக்கு மூன்று பேர். கேட்க விரும்புவது: வருஷம் முழுக்க நடத்த ஆட்களை எப்படிப் பிரிப்பது? 60 பேருக்கு அளவு என்ன, பிடியரிசி (உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு எடுத்துவைக்கும் ஒரு பிடி அரிசி) எடுத்தால் போதுமா? மூன்றாவது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. "ஜெபமே வரல, எதுக்கு வந்து சோறு போடணும்?" என்று கேட்கிறவருக்கு என்ன சொல்வது?

கணக்குமணியம்

ஈஸ்டரோடு வேகம் இறங்கினால் உடனே விசுவாசக் குறைவு என்று முடிவு கட்டாதீங்க. சென்னைச் சபைகளில் இதற்கென்று ஒரு பஞ்சாங்கமே உண்டு. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் பாதிக் குடும்பங்கள் திருநெல்வேலி, நாகர்கோவில் என்று கிளம்பிவிடும். ஊரில் அசனம் (சபை விருந்து) என்றால் கேட்கவே வேண்டாம். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் கவலை. அக்டோபர் நடுவில் மழை ஆரம்பம். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் என்று எல்லாரும் நடுராத்திரி வரை தெருவில் பாடுவார்கள், ஜெபக்குழு மட்டும் கூடாது.

அதனால் "வருஷம் முழுக்க" என்று யாரிடமும் வாக்கு வாங்காதீங்க. 12 சனிக்கிழமை ஒரு தவணை. 10 வீட்டில் பெரியவர்கள் 18 பேர் தேறினால் அணிக்கு 6 பேராக மூன்று அணி. ஒவ்வொரு அணிக்கும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, தவணைக்கு 4 முறை. அணிக்குள் இரண்டு பேர் சமையல், ஒருவர் காய் நறுக்க, இரண்டு பேர் விநியோகம், ஒருவர் பாத்திரம். ஒருவர் வரவில்லை என்றால் சமாளிக்கலாம். இரண்டு பேர் வராவிட்டால் அந்த வாரம் 60-ஐ 40 ஆக்குங்க, அடுத்த அணியை இழுக்காதீங்க. நல்ல மனசுக்காரரை எல்லா வாரமும் இழுத்துத்தான் குழுக்கள் அவரையே இழக்கின்றன. தவணை முடிந்ததும் இரண்டு வாரம் ஓய்வு. மறுபடி தொடங்கும் தேதியையும் ஓய்வுக்கு முன்பே அறிவித்துவிடுங்க, இல்லாவிட்டால் ஓய்வு கலைந்துபோவதில்தான் முடியும்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்க. ஆதிச் சபையின் பந்தி விசாரிப்பில் (உணவுப் பங்கீட்டில்) கிரேக்கு பாஷைக்கார விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு. தெரிந்தெடுத்த ஏழு பேருடைய பெயரும் கிரேக்கப் பெயர். புகார் வந்த பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்களைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் குழுவில் அதிகம் குறை சொல்லுகிறவர் யாரோ, அவரிடம் முறைப்பட்டியலைக் கொடுங்க.

வாட்ஸ்அப்பில் முறைப்பட்டியலுக்குத் தனி குரூப் வையுங்க, அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி. காலை வணக்க வசனப் படங்களுக்கு நடுவே "இந்த வாரம் யார் காய்?" என்ற செய்தி மூழ்கிப்போகும்.

மார்த்தாள்_கிச்சன்

அளவு நான் சொல்றேன். சாம்பார் சாதத்துக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு. 60 பேருக்கு அரிசி 6 கிலோ, பருப்பு 2 கிலோ, காய் 3 கிலோ, புளி 250 கிராம், சாம்பார் பொடி 300 கிராம், எண்ணெய் முக்கால் லிட்டர். தண்ணீர் எல்லாம் சேர்த்து 26 முதல் 28 லிட்டர். உப்பு 300 கிராமில் ஆரம்பித்து, ருசி பார்த்து 350 வரை போகலாம். 50 லிட்டர் அண்டா வேணும். 40 லிட்டரில் பொங்கி வழியும், கிளறவும் முடியாது.

பருப்பைத் தனியாகக் குழைய வேகவைக்கணும். புளியை முன்னாடியே ஊற்றினால் பருப்பும் வேகாது, காயும் விறைப்பாகவே நிற்கும். அரிசி முக்கால் பதம் வந்த பிறகு புளித்தண்ணி. இறக்கும்போது கொஞ்சம் தளர இருக்கணும், ஒரு மணி நேரத்தில் தானாக இறுகிடும். அடுப்பிலேயே சரியான பதம் வந்துவிட்டால் பரிமாறும்போது கட்டி கட்டியாக வெட்டித்தான் வைக்கணும்.

இப்போ பிடியரிசி. ஒரு கைப்பிடி ஏறக்குறைய 40 கிராம். இரண்டு வேளை உலை வைக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு 80, மாசத்துக்கு 2.4 கிலோ. 10 வீட்டில் 24 கிலோ. உங்களுக்கு வாரம் 6 கிலோ, நாலு சனிக்கிழமைக்கு 24. கணக்கு அப்படியே பொருந்துது. ஆனா காகிதத்தில் பொருந்துற கணக்கு அண்டாவில் பொருந்தாது. ஒரு வீட்டில் பொன்னி புழுங்கல், இன்னொரு வீட்டில் பச்சரிசி, மூன்றாவது வீட்டில் இட்லி அரிசி. எல்லாத்தையும் ஒரே மூட்டையில் கொட்டினால் பச்சரிசி குழைஞ்சு கூழாகிற நேரத்தில் புழுங்கல் நடுவில் வெள்ளைப் புள்ளியோடு நிக்கும். புது அரிசிக்குத் தண்ணி கம்மி, பழசுக்கு அதிகம், அந்தக் குழப்பம் வேற. மூன்று டின் வையுங்க: புழுங்கல், பச்சை, மற்றவை. புழுங்கல் சாம்பார் சாதத்துக்கு. பச்சரிசி சேர்ந்ததும் ஒரு வாரம் வெண்பொங்கல் போட்டுடுங்க. இட்லி அரிசியை யாராவது விலை கொடுத்து எடுத்துக்கிட்டு அந்தக் காசைப் பருப்புக்குக் கொடுக்கட்டும்.

டின் நல்லாக் காய்ஞ்சிருக்கணும். காய்ந்த வேப்பிலை, நாலு மிளகாய் வற்றல் போட்டு மூடுங்க. மாசத்துக்கு மேல தங்க விடாதீங்க. வண்டு வந்த அரிசியை "ஏழைகளுக்குத்தானே" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்க.

தண்டையார்பேட்டை_தம்பி

ஒரு எதிர்க்கேள்வி. சென்னையில் பெரிய அரசு மருத்துவமனைகளில் அம்மா உணவகம் இருக்கு. 2013-இல் திட்டம் தொடங்கினபோதே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அதன் வாசலிலேயே நாமும் சாம்பார் சாதம் கொடுப்பது யாருக்காக? நோயாளிக்கோ, நமக்கோ?

மார்த்தாள்_கிச்சன்

நியாயமான கேள்வி தம்பி. மதியத்தில் தேவை குறைவாகத்தான் இருக்கும். உணவகம் மூடின பிறகு, ராத்திரி வார்டு வாசலில் பாய் விரிச்சுப் படுக்கிறவங்களுக்குத்தான் ஒண்ணும் கிடைக்காது. முதலில் ஆர்.எம்.ஓ. (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் அனுமதி கேட்டு, எந்த நேரம், எந்த வாசல், எத்தனை பேர் என்று அவங்களையே கேளுங்க. வார்டுக்குள்ள உணவு கொண்டுபோகக் கூடாது. நோயாளிக்குப் பத்தியச் சாப்பாடு மருத்துவமனையே தரும். சர்க்கரைக்காரருக்கும் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவருக்கும் நம்ம சாதம் போய்ச் சேர்ந்தால் வினையாயிடும்.

இன்னொண்ணு, உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 லாப நோக்கம் இல்லாத உணவு வழங்கலையும் சேர்த்தேதான் சொல்லுது. சபைப் பெயரில் பதிவு பண்ண மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிச்சுக்குங்க.

இறக்கின சாதம் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கணும், இல்லாவிட்டால் 2 மணி நேரத்துக்குள் தீரணும். கத்திரி வெயிலில் 1 மணி நேரம்தான் கணக்கு. சாதத்தில் வளர்கிற பேசில்லஸ் சீரியஸ் கிருமியோட வித்து கொதியிலும் சாகாது. அது வெச்சிட்டுப்போன நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. மிஞ்சினதைச் சாயங்காலம் சூடு காட்டிக் கொடுக்கிற வேலை வேண்டாம். மே மாசம் சாம்பாரை விட்டுட்டு எலுமிச்சை சாதம், புளியோதரைக்கு மாறுங்க. தேங்காய்ச் சட்னி பக்கம் போகவே போகாதீங்க. பிளாஸ்டிக் தாள், கப் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பாக்குமட்டைத் தட்டு, இல்லாட்டி மந்தார இலை.

சாந்தோம்_அன்பியம்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. தம்பியின் கேள்வியை எங்கள் அன்பியக் கூட்டங்களிலும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் சிறு குழு) கேட்பது உண்டு. உணவைத் தவிரக் கூட இருப்பவர்களுக்கு வேண்டியது நிறைய: வெந்நீர், குளித்து வரும் அரை மணி நேரத்துக்கு நோயாளியின் பக்கத்தில் உட்கார ஒரு ஆள், எந்த வரிசையில் எந்தச் சீட்டு வாங்குவது என்று சொல்ல ஒரு ஆள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை 1833-இல் பாரிசில் தொடங்கியதிலிருந்து இன்றைக்கும் இல்லச் சந்திப்புக்கு இருவர் இருவராகத்தான் போகிறார்கள். தனியாகப் போனால் பணம் கொடுப்பதிலும் வாக்குக் கொடுப்பதிலும் நிதானம் தவறும், வெளியில் பேச்சும் வரும். இருவராகப் போனால் ஒருவர் பேச, மற்றவர் வீட்டைக் கவனிக்கலாம்: அடுப்பு எரிந்திருக்கிறதா, மாத்திரை அட்டை காலியா, கரண்ட் பில் கட்டாமல் கிடக்கிறதா.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஜெபத்தில் வறட்சி வரும்போது, நல்ல நிலையில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் தெளிவான விதி. மனம் சோர்ந்திருக்கும்போது எடுக்கும் முடிவைச் சோர்வுதான் எடுக்கிறது. எனவே "வராதே" என்றும் சொல்லவேண்டாம், "உற்சாகமாக வா" என்றும் சொல்லவேண்டாம். அளவை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். அரை மணி ஜெபித்தவர் 10 நிமிடம். சொந்த வார்த்தை வரவில்லை என்றால் சங்கீதம் 13. அதற்கு 6 வசனம்தான், முதல் பாதி முழுக்கப் புலம்பல். அதுவும் பொய்யாகப்படுகிறது என்றால் 88. அந்தச் சங்கீதம் கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, அதையும் சபை இத்தனை நூற்றாண்டாக ஜெபமாகவே வைத்திருக்கிறது.

இரவில் ஆன்ம ஆய்வு 10 நிமிடம் உதவும். நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து நாளைத் திரும்பப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரே ஒரு காரியம். நாலாவது படியிலேயே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு இது சுயவதையாக மாறிவிடும். அப்படிப்பட்டவர்கள் முதல் படியில் பாதி நேரம் செலவிடட்டும். வாரக்கணக்கில் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை என்றால் அதை ஆவிக்குரிய வறட்சி என்று மட்டும் எண்ணாமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

ராயப்பேட்டை_வெஸ்லியன்

பிடியரிசியை யார் வசூலிப்பது என்று இதுவரை யாரும் பேசவில்லை. எனக்கு இந்த இழையில் அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கத்துக்குக் கட்டடக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. 12 பேருக்கு ஒரு பொறுப்பாளர், அவர் வீடு வீடாகப் போய் வாங்கவேண்டும், தர இயலாதவருக்குப் பொறுப்பாளரே போட்டுவிடவேண்டும். இப்படி வீட்டுக்குள் போய் வந்தவர்களுக்குத்தான் யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை, யார் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்பது தெரியவந்தது. கடன் வசூலுக்குப் போட்ட ஏற்பாடு மேய்ப்புப் பணியாக மாறியது அப்படித்தான். பிடியரிசிக்கும் இதே குணம் உண்டு. மிசோரமில் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றைக்கும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் காஞ்சி மடத்துப் பிடியரிசித் திட்டமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், நமக்கு மட்டும் உரிய யோசனை ஒன்றும் இல்லை இது.

ஆகவே "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது அரிசியைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். மாதம் முதல் சனிக்கிழமை மாலை, இரண்டு பேர், 10 வீடு. ஒரு வீட்டுக்கு 15 நிமிடம் என்றால் நடையும் சேர்த்து மூன்று மணி நேரம். இரண்டு ஜோடி போனால் ஒன்றரை. உள்ளே போய் உட்கார்ந்து, அரிசியை வாங்கி, "எப்படி இருக்கீங்க" என்று கேட்டு, ஒரு சின்ன ஜெபம் பண்ணி எழுந்துவிட வேண்டும். அரிசி இல்லாத வீட்டிலும் அதே 15 நிமிடம். எடை போடுவதை வாசலில் செய்யாதீர்கள், எந்த வீடு எவ்வளவு என்று எழுதாதீர்கள். மொத்த எடை மட்டும் போதும். வீட்டுக்கு வீடு கணக்கு எழுதத் தொடங்கினால், கஷ்டத்தில் இருக்கும் வீடு கடையில் அரிசி வாங்கி டின்னை நிரப்பும்.

சபைக்கு வராமல் போனவரை இந்தச் சுற்றுதான் கண்டுபிடிக்கும். இரண்டு புதன் வராதவரை யாரும் கேட்கமாட்டார்கள். அரிசிக்குப் போகிறவர் கதவைத் தட்டியே ஆகவேண்டும்.

கணக்குமணியம்

வெஸ்லியன் ஐயா சொன்னதற்கு மேல் பணத்தைப் பற்றி ஒன்று. பருப்பு, எண்ணெய், கேஸ் செலவுக்கு வரும் பணம் ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வரவே கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஆறு மாசத்தில் சொந்தப் பணமும் காணிக்கையும் கலந்துவிடும், ஒரு நாள் யாராவது கேட்பார்கள், அவர் புண்பட்டுக் குழுவை விட்டே போவார். பாஸ்டரேட் (குருசேகரம்) கணக்கில் தனித் தலைப்பு, இல்லாவிட்டால் இரண்டு பேர் கையெழுத்துப் போடும் கணக்கு. மாதத்தின் கடைசிப் புதன் வரவு செலவு வாசிக்க 3 நிமிடம் போதும், மிச்சம் 12 ரூபாயாக இருந்தாலும் வாசியுங்க.

புளியந்தோப்பு_எஸ்தர்

எல்லாரும் அரிசி, கணக்கு என்று பேசுறீங்க. அண்டா கழுவுறது யாரு?

அணிக்கு ஒருவர் பாத்திரம் என்று கணக்குமணியம் எழுதியிருக்கார். பட்டியல் போடாம விட்டால் எல்லா வாரமும் அது ஒரே ஆள்தான். அது யாரா இருக்கும் என்று நம்ம சபைகளை அறிந்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல: ஒரு பெண், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தெருவிலிருந்து வரவங்க. சமையல் பெண்களுக்கு, விநியோகம் ஆண்களுக்கு, போட்டோவிலும் ஆண்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம், அண்டா கழுவ மட்டும் ஆள் பார்த்து வைக்கிறோம். யார் வீட்டுச் சமையலறையில் சமைக்கலாம், யார் வீட்டில் "இடம் பத்தாது" என்பதிலும் இதே நாற்றம்தான்.

அதனால் கழுவும் பெயரை முறைப்பட்டியலில் முதல் வரியில் எழுதுங்க, சமையல் பெயருக்கும் மேல. மூன்று அணியிலும் ஆண்களே முதல் சுற்றைக் கழுவட்டும், கமிட்டி மெம்பரும் சேர்த்து. அடிப்பிடிச்ச சாம்பார் அண்டாவுக்குச் சுடுதண்ணி ஊற்றி அரை மணி நேரம் ஊறவெச்சு, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்க்கணும். அதுக்கே முக்கால் மணி ஆகும், அந்த நேரத்தையும் பட்டியலில் சேருங்க. போட்டோ எடுக்கவே வேண்டாம். தர்மத்தை மறைவாச் செய்யச் சொல்ற மத்தேயு 6-ஐ வாசிச்சுட்டு, சோறு வாங்குற அம்மாவோட முகத்தை ஸ்டேட்டஸில் போடறவங்களை என்ன சொல்ல.

தண்டையார்பேட்டை_தம்பி

எஸ்தர் அக்கா சொன்னதுக்கு மறுபேச்சே இல்லை.

பெரம்பூர்_லோகோ

நன்றி அக்கா, கழுவும் பெயர் முதல் வரிக்குப் போகிறது. புதன் கூட்டத்தைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். பாட்டு, பிரசங்கம், ஜெபம், டிபன் என்று இரண்டரை மணி நேரம் இழுக்கிறது.

சின்னமலை_படிக்கட்டு

டிபனை நிறுத்துங்க, பாதி சரியாகிவிடும். முதல் வீட்டில் டீ, பிஸ்கட். இரண்டாவது வீட்டில் இட்லி. நாலாவது வீட்டில் பரோட்டா, சால்னா. அஞ்சாவது வீட்டுக்காரர் "இந்த மாசம் பெயின்ட் வேலை நடக்குது" என்று தள்ளிப்போடுவார், பாவம், அவருக்கு அந்தச் செலவு தாங்காது. எல்லா வீட்டுக்கும் டீ, பிஸ்கட்தான் என்று விதி போட்டுவிட்டால் கையில் காசு இல்லாத வீடும் தன் முறையை எடுத்துக்கொள்ளும்.

நேரம் 7.30 முதல் 8.30. ஒரு பாட்டு, கீபோர்டு இல்லாமல். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டோடு சமாதானமும் ஜெபக்கூட்டத்தின் ஒரு பகுதிதான். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டின் முறை வந்தால், முழங்கால் வலிக்காரர்களுக்காக அந்த வாரத்தைக் கீழ்வீட்டில் வையுங்க. வாசிப்பு ஒரு அதிகாரம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்துக்கு 5 அதிகாரம் என்றால் சரியாக 52 வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை ஆளாளுக்கு வீட்டில் வாசித்துவிட்டு, புதன் அன்றைக்குரியதை மட்டும் சேர்ந்து வாசிக்கலாம். சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்க. முழு வேதாகமத்தையும் ஏழு நாளும் வாசிக்கச் சொல்லும் அட்டவணைகள் பிப்ரவரியில் சாகின்றன, லேவியராகமத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு.

பிரசங்கத்துக்குப் பதிலாக 25 நிமிடம் மூன்று மூன்று பேராக உட்காருங்க, ஆண்கள் தனி, பெண்கள் தனி. ஒவ்வொருவரும் இந்த வாரம் தன் முன்னால் நிற்கும் ஒரு தீர்மானத்தைச் சொல்லவேண்டும். பொதுவாக "குடும்பத்துக்காக ஜெபியுங்க" என்பது செல்லாது. பத்திரப் பதிவுக்குப் புரோக்கர் "ஆபீஸ் செலவு" என்று தனியாகக் கேட்கிறார், கொடுப்பதா? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குப் பெரிய வெள்ளியன்று சம்பளத்தோடு லீவா, இல்லை நாம் ஆராதனைக்குப் போக அவர் வந்து சமைக்கணுமா? பெண் பார்க்கும் படிவத்தில் "உட்பிரிவு" என்ற கட்டத்தை நிரப்புவதா? அடுத்த புதன் முதல் கேள்வி, "என்ன ஆச்சு?" கேட்கப்படாமல் யாரும் அறிவுரை சொல்லக்கூடாது, சொன்னது அந்த மூவரைத் தாண்டக்கூடாது. தாண்டினது தெரிந்தால் அந்த மூவரைப் பிரித்து வேறு ஆட்களோடு சேர்த்துவிடுங்க.

லஞ்ச விஷயத்தில் ஜெபம் மட்டும் போதாது, ஆயத்தமும் வேணும். கட்டண விவரத்தை முன்கூட்டிப் பார்த்து வைப்பது, இணையத்தில் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டு வைத்துக்கொள்வது, அவசரம் வருமுன்னே சில வாரம் முந்தித் தொடங்குவது, கூட ஒரு ஆளை அழைத்துப்போவது. பெரும்பாலானவர்கள் கடைசி நாளில் அகப்பட்டுத்தான் கொடுக்கிறார்கள். மூவரில் ஒருவர் அன்றைக்கு லீவு போட்டுக் கூடப் போனால் அதுவும் சேவைதான், சனிக்கிழமைப் பட்டியலில் வராவிட்டாலும்.

சாந்தோம்_அன்பியம்

சின்னமலைக்காரர் சொன்ன மூவர் முறைக்கு ஆமென். ஒன்று சேர்க்கிறேன். நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கவேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், இவர்கள் தனியாக என்ற வீடுகள் உங்கள் 10 வீட்டிலும் இருக்கும். போனில் முக அடையாளம் வைத்துச் செய்துகொடுக்க ஒரு வாலிபப் பையன், 20 நிமிடம். அரிசிச் சுற்றோடு சேர்த்து முடித்துவிடலாம்.

ராயப்பேட்டை_வெஸ்லியன்

மருத்துவமனை என்பதால் ரத்ததானமும் பேச்சில் வரும். 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. 18 பேரையும் ஒரே நாளில் கூட்டிப்போகாமல் தவணைக்கு ஒரு அணியாக அனுப்பினால் வருஷம் முழுக்க வரிசை ஓடும். உபவாச நாளில் வேண்டவே வேண்டாம். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுவது பக்தியில் சேராது, அங்கிருக்கும் நர்சுக்குத்தான் கூடுதல் வேலை.

பெரம்பூர்_லோகோ

மே மாதம் 10 வீட்டில் 6 வீடு ஊருக்குப் போகிறது. நாலு வீட்டை வைத்து என்ன செய்யலாம்?

மார்த்தாள்_கிச்சன்

அண்டாவை ஏறக்கட்டுங்க. வாரம் ஒருநாள் சாயங்காலம் 20 லிட்டர் நீர்மோர்: 4 லிட்டர் தயிர், 16 லிட்டர் கேன் தண்ணீர், உப்பு 100 கிராம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். 200 மில்லி டம்ளர் என்றால் 100 பேருக்கு வரும். எவர்சில்வர் டம்ளர் 30, கழுவ இரண்டு வாளி. ஐஸ் வெளியில வாங்காதீங்க, மீனுக்குப் போடுற ஐஸும் அதே வண்டியிலதான் வரும். மோரைப் பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றினால் போதும். நாலு பேர், ரெண்டு மணி நேர வேலை.

ராயப்பேட்டை_வெஸ்லியன்

அரிசிச் சுற்றை மட்டும் மே மாதமும் நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போகாமல் இருக்கும் அந்த நாலு வீட்டுக்கும் போங்கள். போன வீடுகளுக்கு ஜூன் முதல் சனி.

புளியந்தோப்பு_எஸ்தர்

30 டம்ளர் கழுவுறது யாருன்னு பேர் போட்டாச்சா, லோகோ அண்ணா?